எண்ணெயை நிறுத்திவிட்டேன், பழச்சாறு குடிக்கிறேன்: கல்லீரல் தேறுமா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 46. உட்கார்ந்தே கணக்கு பார்க்கும் வேலை. எடை 82 கிலோ, உயரம் 170 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. இரண்டு மாதங்களுக்கு முன் செய்த உடல் பரிசோதனையில், முதல் நிலைக் கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் வந்தது. கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 62, எஸ்.ஜி.ஓ.டி. 41, இரத்தத் தட்டணுக்கள் 2,30,000. சர்க்கரை நோய் இல்லை. எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு நானாகவே சிலவற்றைச் செய்து வருகிறேன். சமையலில் எண்ணெயை அறவே நிறுத்திவிட்டேன். காபியையும் விட்டுவிட்டேன், தேநீர் மட்டும் தினமும் மூன்று முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. காலை உணவுக்குப் பதிலாகப் பெரிய டம்ளர் நிறைய ஆரஞ்சுச் சாறு, அதில் இரண்டு தேக்கரண்டி தேன். வாரத்தில் மூன்று இரவுகள் பட்டினி. வயிறு உப்புகிறது என்பதற்காகக் கல்லீரலைச் சுத்தம் செய்யும் மூலிகைப் பொடி ஒன்றை நான்கு மாதங்களாகச் சாப்பிடுகிறேன். மது வாரம் முழுக்கக் கிடையாது. சனிக்கிழமை இரவு மட்டும் சுமார் 200 மில்லி விஸ்கி. அதற்குப் பதில் பீருக்கு மாறலாமா? மறுநாள் தலைவலிக்குப் பாரசிட்டமால் எடுத்துக்கொள்வது தவறா? என் அண்ணனுக்குக் கல்லீரலில் தழும்பு பரவும் சிரோசிஸ் நோய் இருக்கிறது. எனக்குத் துணையாக அவரும் இதே உணவு முறையைப் பின்பற்றுகிறார். வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். இது மற்றவர்களுக்குத் தொற்றுமா?

மருத்துவர் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் கல்லீரல் அல்ல, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அண்ணனைப் பற்றிய வரி. அவருடைய பட்டினியை இன்றிரவே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

நல்ல நிலையில் இருக்கும் கல்லீரல், சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. ஏறத்தாழ 100 கிராம் அளவுக்கு இருக்கும் அந்தக் கையிருப்புதான் நாம் தூங்கும்போது இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் காக்கிறது. சிரோசிஸ் வந்த கல்லீரலில் தழும்புத் திசு பரவிவிடுவதால் அந்தக் கையிருப்பு மிகவும் குறைந்துபோகிறது. எனவே இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையிலான சாதாரண இடைவெளியே அவர் உடலில் ஆரோக்கியமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமமான மாற்றங்களை உண்டாக்கிவிடுகிறது. உடல் தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்யத் தொடங்கும். தசை கரைவது எடை குறைவதோடு நிற்கும் விஷயமல்ல. பழுதடைந்த கல்லீரல் அகற்ற முடியாமல் விடும் அம்மோனியாவில் ஒரு பங்கை அகற்றுவது தசைதான். தசையும் போனால் மூளை குழம்பும் அபாயம் கூடும்.

ஆகவே உங்கள் அண்ணனுக்கான அறிவுரை உங்களுக்கானதற்கு நேர் எதிர். அவர் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிட வேண்டும். படுக்கப் போகும்முன் சுமார் 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும்படி ஒரு சிறு உணவு கட்டாயம். புரதம் நாளொன்றுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை. முட்டை, பால், தயிர், மீன், பருப்பு வகைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கல்லீரல் நோயாளி புரதம் சாப்பிடக் கூடாது என்று யாராவது சொன்னால் அது காலாவதியான அறிவுரை. பல நோயாளிகளை எலும்பும் தோலுமாக்கிய அறிவுரையும்கூட. வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் வைக்க வேண்டும், ஆனால் சுவையே இல்லாமல் சாப்பாட்டை ஒதுக்கிவிடும் அளவுக்குப் போகக் கூடாது. மது ஒரு துளியும் வேண்டாம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உள்ள சிப்பி போன்ற கடல் உணவும் வேண்டாம். அவற்றில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிரோசிஸ் உள்ளவர்களின் உயிரைச் சில நாட்களில் பறித்துவிடும். மலம் கருத்துப் போவது, இரத்த வாந்தி, காய்ச்சலோடு வயிறு வீங்குவது, பேச்சில் குழப்பம், பகலில் அசாதாரணத் தூக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் உணவு ஆலோசனைக்கு அங்கே வேலையில்லை, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்து நிறுத்த வேண்டியது அந்தப் பொடி.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். பொடி தொடங்கி நான்கு மாதங்கள். இரத்தப் பரிசோதனை செய்து இரண்டு மாதங்கள். அதாவது, பரிசோதனையின்போது நீங்கள் ஏற்கெனவே இரண்டு மாதங்களாக அந்தப் பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எஸ்.ஜி.பி.டி. 62 என்று வந்ததில் கொழுப்புக்கு எத்தனை பங்கு, பொடிக்கு எத்தனை பங்கு, முந்தைய சனிக்கிழமைக்கு எத்தனை பங்கு என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கல்லீரலைக் காக்கும் என்று விற்கப்படும் பொருளே கல்லீரலைப் புண்ணாக்குவது ஒன்றும் அபூர்வமல்ல. பச்சைத் தேயிலையைக் கோப்பையில் ஊற வைத்துக் குடிப்பதால் பயமில்லை. அதையே செறிவூட்டிய சாறாக்கி, அதன் முக்கியப் பொருளான கேட்டச்சின் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போகும்படி மாத்திரையாக எடுத்தவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. சமையலில் சேர்க்கும் மஞ்சள் வேறு. மிளகின் சத்தோடு சேர்த்து உடல் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும்படி தயாரித்த மஞ்சள் மாத்திரை வேறு. பின்னதால் மஞ்சள் காமாலை வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. அசுவகந்தா மாத்திரைகளாலும் இத்தகைய பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்றாகிவிடாது. கல்லீரலைக் கொல்லும் காளான்களும் இயற்கையில் விளைபவைதான்.

பொடியை நிறுத்துங்கள், ஆனால் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் அச்சிட்டிருக்கும் பொருள்களின் பட்டியலை உங்கள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மதுவும் பொடியும் இல்லாத நிலையில், இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போது வரும் எண்ணில்தான் உங்கள் கல்லீரலின் உண்மை நிலை தெரியும்.

இந்தச் 'சுத்தம் செய்தல்' வியாபாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள், எரிச்சலோடுதான் சொல்கிறேன். குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே நச்சுகள் அப்படியே படிந்து கிடப்பதில்லை. நொதிகளால் உருமாற்றப்பட்டுப் பித்தம் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியேறுகின்றன. கழுவி எடுக்க அங்கே அழுக்கு கிடையாது. கல்லீரலில் தேங்குவது கொழுப்பு. அதை எந்தப் பொடியும் கழுவாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பித்தப்பைக் கற்கள் பச்சைப் பச்சையாக மலத்தோடு வெளியேறும் என்று ஒரு வைத்தியம் உலகெங்கும் சுற்றுகிறது. அப்படி வெளிவந்த 'கற்களை' ஆய்வகத்தில் சோதித்த முடிவு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அவற்றில் பித்தக் கல்லின் அடையாளமான கொலஸ்ட்ராலோ பிலிருபினோ இல்லை. பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். குடித்த எண்ணெய் குடலுக்குள் சோப்பாகத் திரண்டு வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது நீங்கள் மிகவும் நம்பிக் குடிக்கும் பழச்சாறு. பெரிய டம்ளர் என்றால் 300 மில்லி என்று வைத்துக்கொள்வோம். ஆரஞ்சுச் சாற்றில் 100 மில்லிக்கு எட்டு ஒன்பது கிராம் சர்க்கரை இருக்கும். ஆக 25 கிராமுக்குச் சற்று முன்னும் பின்னும். தேன் ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 6 கிராம் வீதம் 12 கிராம். மொத்தம் 37 கிராம். 330 மில்லி கோலா டப்பாவில் இருப்பது சுமார் 35 கிராம். கோலாவைத் தொடவே மாட்டேன் என்று இருப்பவர்கூட இந்தக் கணக்கில் தினமும் ஒரு டப்பா குடித்தவர்தான். அதோடு தேநீரில் கலக்கும் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை இன்னொரு 24 கிராம். காலைச் சாறும் தேநீரும் மட்டுமே 60 கிராமைத் தாண்டிவிட்டன. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பழச்சாற்றிலும் தேனிலும் உள்ளதையும் சேர்த்துக் கணக்கிட்ட சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழ் இருக்க வேண்டும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது அதே வழிகாட்டுதல்.

கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சர்க்கரை என்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்தது. குளுக்கோஸைத் தசை, மூளை என்று உடல் முழுக்கப் பங்கிட்டுக்கொள்கிறது. ஃபிரக்டோஸின் பெரும் பகுதி கல்லீரலின் தலையில்தான் விழுகிறது. தேவைக்குமேல் வரும் குளுக்கோஸைத் தடுத்து நிறுத்தக் கல்லீரல் செல்லில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஃபிரக்டோஸ் அந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது, வந்த வேகத்தில் கொழுப்பாக மாறுகிறது. அதையே பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்தோடு மெதுவாக வரும், ஒன்றிரண்டு பழத்தில் வயிறும் நிறையும். மூன்று நான்கு ஆரஞ்சுகளை உட்கார்ந்து உரித்துச் சாப்பிடுபவர் அரிது; அவற்றின் சாற்றை நின்றபடியே ஒரு நிமிடத்தில் குடித்து முடித்துவிடலாம்.

இது ஏட்டளவிலான கணக்கு அல்ல. டென்மார்க்கில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், எடை கூடியவர்களில் ஒரு பிரிவினருக்குத் தினம் ஒரு லிட்டர் சர்க்கரைக் கோலாவும், மற்றப் பிரிவினருக்கு அதே அளவு பால், சர்க்கரையற்ற கோலா, தண்ணீர் என ஒவ்வொன்றும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட, சர்க்கரைக் கோலா குடித்தவர்களின் கல்லீரலில் கொழுப்பு வெகுவாக ஏறியிருந்தது. மறுபக்கமும் உண்டு. கொழுப்புக் கல்லீரல் உள்ள 40 சிறுவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் பழச்சாற்றையும் எட்டு வாரம் ஏறக்குறைய முழுதாக நிறுத்திய சிறுவர்களிடம் கல்லீரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. எட்டே வாரம். என் நோயாளிகளிடம் நான் தட்டைப் பற்றிப் பேசும் முன் டம்ளரைப் பற்றிப் பேசுவது இதனால்தான். குடிக்கும் சர்க்கரையை விடுவதற்குப் பசி தாங்க வேண்டியதில்லை, சமையலை மாற்ற வேண்டியதில்லை, காசும் செலவில்லை.

சனிக்கிழமைக்கு வருவோம். 200 மில்லி விஸ்கியில், 40 சதவீதம் என்று கொண்டால், சுமார் 63 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரே வேளையில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலகச் சுகாதார நிறுவனம் மிதமிஞ்சிய குடி என்ற கணக்கில் வைக்கிறது. வாரத்துக்கு ஒருநாள்தானே என்கிறீர்கள். கல்லீரல் வார சராசரி பார்ப்பதில்லை. அது மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் எரிக்கும். எனவே உங்கள் சனிக்கிழமை இரவு ஞாயிறு காலை வரை நீள்கிறது. அத்தனை நேரமும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் கல்லீரல் செல்லுக்குள் உருவாகிக்கொண்டே இருக்கும். ஆல்கஹாலை எரிப்பதற்கு முன்னுரிமை போய்விடுவதால் கொழுப்பை எரிக்கும் வேலை பின்தங்கிவிடும். இதோடு சுமார் 440 கலோரி. கொறிக்கும் வறுவல்கள் தனி.

பீர் என்பது விஸ்கியின் சாதுவான தம்பி அல்ல. ஐந்து சதவீத பீர் 330 மில்லியில் 13 கிராம் ஆல்கஹால். நீங்கள் குடிக்கும் அளவு விஸ்கிக்கு ஏறக்குறைய ஐந்து டப்பா பீர் சமம். கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது ஆல்கஹால்தான். அது எந்த நிறத்தில் வந்தது என்பது பொருட்டல்ல. சிவப்பு ஒயின் நல்லது என்ற பேச்சையும் மறந்துவிடுங்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. கூடுதல் எடையும் மதுவும் ஒருவரிடம் சேரும்போது கல்லீரலுக்கு வரும் கேடு இரண்டையும் தனித்தனியே கூட்டினால் வருவதைவிட அதிகம். ஆகவே என் பதில், மாறுவது அல்ல, நிறுத்துவது. அடுத்த பரிசோதனை வரைக்குமாவது முழுதாக நிறுத்துங்கள். மதுவால் மட்டுமே சேர்ந்த கொழுப்பு பெரும்பாலும் சில வாரங்களிலேயே கரைந்துவிடும். இதைப் படிக்கும் வேறு யாராவது தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் அவருக்கு ஒரு எச்சரிக்கை: திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

பாரசிட்டமாலைப் பற்றி நிறையப் பேருக்குத் தலைகீழான பயம் இருக்கிறது. சரியான அளவில் அது கல்லீரலுக்கு ஒத்துப்போகும் மருந்துதான். பெரியவர்களுக்கு நாளின் உச்சவரம்பு 4 கிராம். அதை ஒருபோதும் தாண்டக் கூடாது. ஆனால் குடித்த மறுநாள், வெறும் வயிற்றில், முந்தைய இரவுப் பட்டினியும் சேர்ந்திருக்கும் நிலையில், அந்த மருந்தின் நச்சுக் கழிவை முறிக்கும் குளூட்டாதயோன் கல்லீரலில் குறைந்திருக்கும். அப்படிப்பட்ட நாளில் 2 கிராமைத் தாண்டாமல், சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு வலி வந்தாலும் பாரசிட்டமால்தான், 2 கிராமுக்குள். இபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் போன்றவை அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், இரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

எண்ணெயை அறவே விட்டதில் உங்கள் தியாகம் பெரிது, பலன் சிறிது. கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் அடையாள அணுக்களைக் கொடுத்து, கொழுப்புக் கல்லீரல் உள்ள சிலரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. கல்லீரலில் இருந்த கொழுப்பில் 59 சதவீதம் உடலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து வந்தது. 26 சதவீதம் கல்லீரலே சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் புதிதாகத் தயாரித்தது. அப்போது சாப்பிட்ட உணவிலிருந்த கொழுப்பு நேரடியாக வந்து சேர்ந்தது 15 சதவீதம் மட்டுமே. நீங்கள் அந்தப் பதினைந்தைப் பிடித்துக்கொண்டு, சாற்றாலும் தேனாலும் இருபத்தாறை வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எண்ணெயில் எது என்பதும் முக்கியம். பின்லாந்தில் எடை கூடிய 38 பேருக்கு மூன்று வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018இல் வெளியானது. அந்தக் கூடுதல் கலோரி வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாலாடைக்கட்டி போன்ற நிறைவுற்ற கொழுப்பாக இருந்தபோது கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் ஏறியது. சர்க்கரையாக இருந்தபோது 33 சதவீதம். ஆலிவ் எண்ணெய், கொட்டைகள் போன்ற நிறைவுறாத கொழுப்பாக இருந்தபோது 15 சதவீதம். ஆகவே ஆலிவ், சூரியகாந்தி, கடுகு போன்ற எண்ணெய்களில் ஏதாவது ஒன்றை அளவாகச் சேர்த்து, காய்கறிகளை ருசியாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். கொழுப்பு மிகுந்த மீன் வாரம் இருமுறை, கொட்டைகள் தினம் ஒரு கைப்பிடி. கொட்டைகளில் பூஞ்சை பிடித்ததோ, கசப்பதோ, சுருங்கிக் கருத்ததோ இருந்தால் தயங்காமல் குப்பையில் போடுங்கள். அஃப்ளடாக்சின் என்ற அந்தப் பூஞ்சை நச்சு கல்லீரல் புற்றுநோய்க்கு உறுதியான காரணிகளில் ஒன்று. வறுப்பதாலோ வேகவைப்பதாலோ அது முழுதாக அழியாது.

காபியை ஏன் விட்டீர்கள் என்று தெரியவில்லை. நீங்கள் கைவிட்டவற்றில் கல்லீரலுக்கு நண்பனாக இருந்தது அது ஒன்றுதான்! பிரிட்டனில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், காபி குடிப்பவர்களுக்கு நாள்பட்ட கல்லீரல் நோய் வருவது 21 சதவீதமும், அதனால் இறப்பது 49 சதவீதமும் குறைவாக இருந்தது. மூன்று நான்கு கோப்பை குடித்தவர்களிடம் பலன் அதிகம் தெரிந்தது; கஃபீன் நீக்கிய காபியிலும் தெரிந்தது. இது கவனித்து எழுதிய கணக்குதான், கொடுத்துச் சோதித்தது அல்ல. காபி குடிக்காதவரை நான் குடிக்கச் சொல்வதில்லை. ஆனால் குடித்துக்கொண்டிருந்தவர் கல்லீரலுக்கு அஞ்சி விட வேண்டியதும் இல்லை. தூக்கம் கெடவில்லை, படபடப்பு இல்லை என்றால் நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை, சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம். அந்த நிபந்தனையில்தான் பலரும் முகம் சுளிப்பார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். தேநீருக்கும் இதே வழி. மற்றபடி தாகத்துக்குத் தண்ணீர். காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பது பிடித்திருந்தால் குடியுங்கள். அதில் கல்லீரலுக்கென்று தனிப் பலன் ஏதுமில்லை.

எடைதான் கடைசிச் சரடு. உங்கள் இடுப்பு உயரத்தில் பாதிக்குள், அதாவது 85 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், 98 இருக்கிறது. 82 கிலோவில் ஐந்து சதவீதம் என்பது நான்கு கிலோ. அந்த நான்கு கிலோ இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு உணவுக் கட்டுப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலும் வைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்குக் கல்லீரல் அழற்சி தணிந்தது. 45 சதவீதத்தினருக்குத் தழும்புகூட மங்கியது. ஆனால் அந்த அளவை எட்டியவர் பத்தில் ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு கிலோவை இப்போதே குறிவைத்து மனம் தளர வேண்டாம். நான்கைப் பிடியுங்கள்.

அதையும் மெதுவாகச் செய்யுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் போதும். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் உருவாகும், சிலருக்குக் கல்லீரல் அழற்சியே கூடிவிடும். நேரம் வைத்துச் சாப்பிடும் விரத முறையும், வழக்கமான மூன்று வேளை உணவில் அதே அளவு கலோரியைக் குறைப்பதும் ஆய்வுகளில் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்திருக்கின்றன. எது உங்களுக்கு ஒத்துவருகிறதோ அது. ஆனால் மூன்று இரவு பட்டினி, நான்கு இரவு அதை ஈடுகட்டும் சாப்பாடு என்பது எந்த முறையிலும் சேராது. காலையில் சாற்றுக்குப் பதில் முட்டையோ பருப்போ தயிரோ சேர்த்து, ஒரு பழத்தோடு சாப்பிடுங்கள். மதியமும் இரவும் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், மிச்சக் கால் பங்கில் அரிசியோ கோதுமையோ எதுவானாலும் அதிகம் தீட்டாத தானியம். வேகமாக நடப்பது வாரத்தில் 150 நிமிடம். எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும், அதனால் எடைக் கருவி அசையவில்லையே என்று நடையை நிறுத்த வேண்டாம்.

இவ்வளவு திட்டிய பிறகு ஒரு நல்ல செய்தி. உங்கள் வயது, இரண்டு நொதிகள், தட்டணுக்கள் ஆகிய நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு போடுவோம். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்பதற்கான முதல் சல்லடை அது. உங்களுக்கு 1.04 வருகிறது. 1.3க்குக் கீழ் என்றால் பெருந்தழும்புக்கான வாய்ப்பு மிகக் குறைவு. இப்போதைக்கு மருந்தோ ஊசி வைத்துத் திசு எடுக்கும் பரிசோதனையோ தேவைப்படாது. கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கென்று அமெரிக்காவில் 2024 மார்ச்சில் முதல் மருந்து அனுமதி பெற்றது உண்மைதான், அது நடுத்தரம் முதல் கடுமையான தழும்பு உள்ளவர்களுக்கானது. உங்களுக்கல்ல. அடுத்த பரிசோதனையோடு சர்க்கரை, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் பலருக்கு இதயந்தான் முதலில் தொந்தரவு கொடுக்கும்.

தட்டும் டம்ளரும் மீண்டும் உங்கள் வீட்டு அலமாரியில் மற்றவற்றோடு சேரலாம். கொழுப்புக் கல்லீரல் தொற்றாது. தொற்றும் கல்லீரல் நோய்கள் வேறு: ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும், பி, சி இரண்டும் முக்கியமாக இரத்தத்தின் வழியாகப் பரவும், பி உடலுறவாலும் தாயிடமிருந்து குழந்தைக்கும்கூடப் பரவும். ஒரே தட்டில் சாப்பிடுவதால் பியும் சியும் வராது. உங்கள் அண்ணனுக்குச் சிரோசிஸ் எதனால் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அது ஹெபடைடிஸ் பி-யால் வந்ததாக இருந்தால் நீங்களும் வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அவருடைய பழைய மருத்துவ அறிக்கைகளில் காரணம் எழுதியிருக்கும், இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.